சாணை பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும்?

கத்தி செய்யப் புதிதாகப் பழகுபவர்கள் பலரும் சாணை இயந்திரத்தில் பெல்ட் கிழியும்வரை அதையே ஓட்டுகிறார்கள். ஆனால் கிழிவதற்கு வெகு முன்பே அதன்மேல் ஒட்டியிருக்கும், எஃகை வெட்டும் சிறு மணிகள் மழுங்கிவிடுகின்றன. மழுங்கிய மணி எஃகை வெட்டாமல் தேய்ப்பதால் உண்டாகும் சூடு நேரே அலகுக்குள் இறங்குகிறது.

முதலில், புது பெல்ட்டின் வெட்டு எப்படி இருக்கும் என்பதைக் கைக்குப் பழக்குங்கள். 60ஆம் எண் (எண் கூடக்கூட மணி பொடியாகும்) செராமிக் பெல்ட் ஒன்றைப் புதிதாக மாட்டி, பதம் போடாத, அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்காத, எஃகுத் துண்டை வைத்துப் பிடித்தால், பொறி அடர்த்தியாகக் கொட்டும், கரகரவென்ற சத்தம் கேட்கும். அதே துண்டைப் பழைய பெல்ட்டில் வையுங்கள். பொறி மெலிந்து, அழுத்தம் கூட்டினால்தான் வெட்டும் என்ற நிலை வந்திருந்தால் பெல்ட் ஓய்ந்துகொண்டிருக்கிறது.

அடுத்து, இயந்திரத்தை நிறுத்தி, மின்இணைப்பைத் துண்டித்து, பெல்ட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். பிசினோ மரத்தூளோ திட்டுத்திட்டாக அடைத்திருந்தால், இயந்திரத்தை மீண்டும் ஓட்டி, பெல்ட் துடைக்கும் ரப்பர் கட்டியை ஓடும் பெல்ட்டில் லேசாகப் பிடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மணிமுனைகள் தட்டையாகிப் பளபளத்தால் அது தேய்மானம். செராமிக் மணி அழுத்தத்தில் சிறிது சிறிதாக உடைந்து புதுக் கூர்முனை காட்டும்படி செய்யப்பட்டது. ஆகவே பயந்து பயந்து மெதுவாகத் தேய்ப்பவர்களிடம் அது சீக்கிரமே பளபளத்துப் போகும்.

பதம் போட்ட பிறகுதான் உண்மையான கவனம் தேவை. 1095 போன்ற கார்பன் எஃகைப் பலரும் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசில் பதம் இறக்குகிறார்கள், அதாவது கடினமாக்கிய எஃகு நொறுங்காதிருக்க மிதமாகச் சூடாக்குகிறார்கள். கத்தி வாய் அதைவிட வெகுவாகச் சூடேறினால் மென்மையாகிவிடும். 300 டிகிரியை ஒட்டி நீலம் பாயும். ஒரு சமையலறைக் கத்தியை முடிக்கும்போது, இன்னும் ஒரு கத்திக்குத் தாங்கும் என்று நான் விட்டுவைத்த 120ஆம் எண் பெல்ட், கண்ணிமைக்கும் நேரத்தில் முனையை நீலமாக்கிவிட்டது. நிறத்தைத் தேய்த்து அகற்றினாலும் கடினம் திரும்பாது. எனவே வெறும் விரலால் அலகைப் பிடித்து, எத்தனை இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் முக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள்; அந்த எண்ணிக்கை குறைந்தவுடன் பெல்ட்டைக் கழற்றுங்கள்.

பெல்ட்டின் இரு முனைகளும் சேரும் ஒட்டுப் பகுதி பிரிந்தாலும், ஓரம் நார்நாராகக் கிளம்பினாலும், மணி எவ்வளவு மிச்சமிருந்தாலும் உடனே எறிந்துவிடுங்கள்.

வெட்டு மட்டும் குறைந்த 60ஆம் எண் பெல்ட்டின் பின்புறம் “பழசு” என்று எழுதித் தனியே தொங்கவிடுங்கள். உலையில் சூடாக்கும்போது எஃகின்மேல் படிந்த கறுப்புச் செதிலை எடுக்க அது போதும், அந்தச் செதில் புது பெல்ட்டை வீணாக்கிவிடும். மரப்பிடிக்கு மட்டும் பழைய பெல்ட் வேண்டாம்: மரம் கருகி, அந்தக் கரியைப் போக்க உப்புத்தாளோடு நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும்.