சீனிக்கு மாற்று இனிப்பு: நீரிழிவு உள்ளோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தைக் கடைகளில், நீரிழிவு உள்ள பலர் சீனியைக் கைவிட்டு, கித்துள் கருப்பட்டியையோ யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பனங்கட்டியையோ நம்பிக்கையோடு வாங்கிச் செல்கின்றனர். சீனி போடாத தேத்தண்ணீரை ஒரு துண்டைக் கடித்தபடி குடித்தால் நோய்க்குக் கேடில்லை என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. தவறுகளுள் முதன்மையானதாக இதையே கருதுகிறேன். கருப்பட்டியின் பெரும்பகுதி, சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். தேனில் இருப்பவை பெரும்பாலும் குளுக்கோசும் பிரக்டோசும். கருப்பட்டியில் சிறிதளவு கனிமங்கள் இருப்பது உண்மையே. ஆயினும் அவை இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுவதைத் தடுப்பதில்லை. சீனியை நிறுத்திவிட்டதாக மனமறிய உண்மை சொல்பவரின் பரிசோதனை அறிக்கையில் குளுக்கோஸ் அளவு இறங்காதிருப்பதற்கு இந்தத் துண்டும் காரணமாகலாம்.

அஸ்பார்டேம், சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்ற மாற்று இனிப்பூட்டிகள் தம்மளவில் குளுக்கோசை உயர்த்துவதில்லை. ஆனால் அவை நீக்குவது கோப்பையிலிருந்த சீனியை மட்டுமே. ஒரு தேக்கரண்டிச் சீனியில் இருப்பது ஏறத்தாழ 4 கிராம் மாச்சத்து. ஒரு கோப்பைச் சோற்றிலோ சுமார் 45 கிராம். எனவே, காலையில் சீனியைத் தவிர்த்ததை எண்ணி மதியம் ஓர் அகப்பை கூடுதலாகப் போட்டுக்கொள்பவர் இழப்பது பெற்றதைவிடப் பன்மடங்கு அதிகம். சீனியில்லாப் பிஸ்கட்டிலும் கோதுமை மா இருக்கிறது. அத்தகைய சில பிஸ்கட்டுகளில் சேரும் மால்டிட்டோல் என்ற இனிப்பூட்டி குளுக்கோசை ஓரளவு உயர்த்துவதோடு, அளவு மீறினால் வயிற்றோட்டத்தையும் தரும்.

பாயாசத்தில் அஸ்பார்டேமைக் கொதிக்கவிட்டால் இனிப்புக் குறைந்துவிடும். இறக்கிய பின் சேர்க்க வேண்டும்.

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை 'புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்' என்ற 2பி பிரிவில் சேர்த்த செய்தியைக் கேட்டு, அஞ்சிச் சீனிக்கே திரும்புவதும் தவறு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க அளவை உணவுச் சேர்க்கைகளை ஆராயும் சர்வதேச நிபுணர் குழு அப்போதும் மாற்றவில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதே ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் கூறிய பரிந்துரையும், ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே குறிப்பிடப்பட்டுள்ளது.

உயிருக்கே ஆபத்தாகும் தவறு வேறொன்று. இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்த்து, கை நடுங்கி, குளுக்கோஸ் 70 mg/dL அளவுக்குக் கீழே இறங்கும்போது, பதற்றத்தில் வீட்டார் டயட் சோடாவையோ மாற்று இனிப்பிட்ட தேத்தண்ணீரையோ கொடுத்துவிடுகின்றனர். அவற்றால் குளுக்கோஸ் ஏறாது. அந்த நேரத்தில் தேவைப்படுவது உண்மையான சீனியே: மூன்று நான்கு தேக்கரண்டி, நீரில் கரைத்து, உடனடியாக, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதித்து, ஏறவில்லையெனில் இன்னொரு முறை. ஆகவே சீனியை அடியோடு ஒழித்துவிட்ட வீட்டிலும் ஒரு சிறு போத்தல் சீனி, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல், இலங்கையில் 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள்.