லயத்துல சிக்னல் இல்லாட்டியும் அம்மாவோட பிரஷர் கணக்க வச்சிருக்கிறது எப்படி?

எங்கம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க, தோட்டத்து லயத்து வீட்டுலதான் இருக்காங்க. கிளினிக்குக்குப் போனா அன்னைக்குப் பேரு இல்ல, அதாவது நாள் சம்பளம் இல்ல, அதோட மேடு ஏறி எறங்கி பஸ் புடிச்சு போய்ச் சேர்ந்த கையோட பார்த்தா பிரஷர் கூடத்தான் காட்டும். வீட்டுல ஒரு கிழமை பார்த்த கணக்கு டொக்டர்ட்ட இருந்தா எவ்வளவோ நல்லது, நான் கொழும்புல இருந்துகிட்டு இப்படித்தான் செய்றேன்.

முதல்ல ப்ளூடூத் உள்ள மிஷின் ஒண்ணு வாங்குங்க, மேல்கையில கட்டுறதா பார்த்து. மிஷினோட ஆப்ப போன்ல போட்டு ஒருக்கா ஜோடி சேர்த்துட்டா போதும், அளவு மிஷின்ல இருந்து போனுக்கு வர்றதுக்கு சிக்னலும் வேணாம் டேட்டாவும் வேணாம்.

பார்க்கிற முறைதான் ரொம்ப முக்கியம். காலையில மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் முன்னாடி, ஒண்ணுக்குப் போய்ட்டு வந்து, முதுகு சாய்ஞ்சு கால நெலத்துல ஊனி 5 நிமிஷம் பேசாம உக்காரணும். கம்பளிச் சட்டைக்கு மேல பட்டிய கட்டக்கூடாது, கை நெஞ்சு உயரத்துல இருக்கணும். பனிக்குளிர்ல நடுங்கிட்டே பார்த்தாலும் கூடும், அதனால எங்கம்மா அடுப்படியிலதான் உக்காருவாங்க. 1 நிமிஷம் விட்டு ரெண்டு தடவ, பொழுதுபட்டும் அதே மாதிரி, 7 நாளைக்கு.

அடுத்தது கூகுள் ஷீட்ஸ்ல தேதி, மேல் அளவு, கீழ் அளவுன்னு ஒரு ஷீட் போட்டு, அத ஓஃப்லைன்ல திறக்கிற மாதிரி வச்சிருங்க. எழுதுறது அப்போதைக்கு போன்லயே தங்கும், ரோட்டுப் பக்கம் வந்து சிக்னல் புடிச்சதும் தானா மேல ஏறிரும், அப்படி ஏறினது வேற வேற இடத்து கம்ப்யூட்டர்கள்ல இருக்கிறதால மழையில போன் நனைஞ்சு செத்தாலும் அழியாது. பிள்ளைங்களோட ஈமெயிலுக்கு மட்டும் ஷேர் பண்ணுங்க, லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்னு விட்றாதீங்க, இது நோய்க் கணக்கு.

கடைசியா முதல் நாள விட்டுட்டு மத்த 6 நாளுக்கும் சராசரி எடுத்து கிளினிக் கொப்பியில எழுதிக் குடுங்க. 135/85 இல்ல அதுக்கு மேலன்னா கட்டாயம் டொக்டர்ட்ட காட்டணும், நீங்களா மாத்திரைய கூட்டிக் குறைக்க வேணாம்.

180/120க்கு மேல போய் நெஞ்சு வலி, மூச்சு முட்டல் இருந்தாலோ, எந்த அளவா இருந்தாலும் வாய் கோணி பேச்சு குழறினாலோ, உடனே 1990க்கு அடிங்க, அது சுவசெரிய அம்புலன்ஸ், காசு குடுக்கத் தேவையில்ல. தோட்டத்துப் பேரு, டிவிஷன், வண்டி எதுவரைக்கும் வரும்னு சொல்லிட்டு, ஒருத்தர டோர்ச் லைட்டோட ரோட்டுக்கு அனுப்புங்க.