சிறகுள்ள ஜந்துவை எழுதுவது எப்படி: எடையில் தொடங்கி நிழலில் மறைப்பது

பழைய பல்ப் பத்திரிகைகளில், அதாவது மலிவுக் காகிதத்தில் திகிலும் சாகசமும் அச்சிட்ட அமெரிக்க இதழ்களில், வந்த கதைகளின் பாணியில் சிறகுள்ள ஜந்து ஒன்றை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். சிவந்த கண், கோரைப்பல், கொம்பு எல்லாம் வந்து முடிந்த பிறகு முதுகில் இரண்டு சிறகை ஒட்டவைப்பார்கள். அந்தச் சிறகைப் பிய்த்து எறிந்தாலும் கதையில் ஒரு வரி மாறாது. கோளாறு அங்கேதான். ஜந்து எங்கே குடியிருக்கிறது, யாரைத் தூக்கும், யாரைத் தூக்க முடியாது, எப்படிச் சாகும் என்ற நான்குக்கும் விடை சிறகிலிருந்து வரவேண்டும். சிறகை முதலில் கணக்குப் போடுங்கள். வாசகருக்குக் கடைசியில் காட்டுங்கள்.

எடை

ஓர் உடலை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் சிறகின் பரப்பு 4 மடங்கு ஆகும். எடை 8 மடங்கு ஆகிவிடும். பெரிய பழந்தின்னி வௌவால் ஒன்று 1.2 கிலோ எடை, 1.5 மீட்டர் சிறகுவிரிவு என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே ஊதிப் பெருக்கி 80 கிலோ ஆக்கினால் சிறகுவிரிவு ஏறத்தாழ 6 மீட்டர். ஆனால் சவ்வின் ஒவ்வொரு சதுர மீட்டரும் இப்போது நான்கு மடங்கு பாரம் சுமக்கிறது. கீழே விழாமலிருக்க வௌவாலைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறந்தாக வேண்டும். வௌவாலின் அதே நிதானத்தில் பறக்க 12 மீட்டர் தேவைப்படும்.

இந்த எண்களைக் கதையில் எழுத வேண்டாம். இவற்றிலிருந்து பிறக்கும் சட்டங்களை எழுதுங்கள். 6 மீட்டர் ஜந்துவால் சமதரையில் நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாது. உயரத்திலிருந்து விழுந்து வேகம் பிடிக்க வேண்டும். ஆகவே அது பாறை முகடு, இடிந்த கோபுரம், கப்பலின் பாய்மரம் என்று உயரம் தேடும். பல்ப் கதைகளில் இடிந்த நகரங்கள் ஏன் இத்தனை என்று கேட்பவர்களுக்கு இது ஒரு நல்ல சாக்கு.

அடுத்தது சுமை. 80 கிலோ ஜந்து 60 கிலோ மனிதனைப் பற்றினால் மொத்தம் 140 கிலோ. தேவைப்படும் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். எனவே மலையுச்சியில் நிற்பவனை அது கவ்விக்கொண்டு பள்ளத்தாக்குக்குச் சறுக்கிப் போகலாம். வயலில் நிற்பவனை மேலே தூக்க முடியாது, இழுத்துத்தான் போகும். இந்த ஒரு வரம்பைக் கறாராகப் பிடித்துக்கொண்டால் கதைக்குள் நிலவரைபடம் தானாக உருவாகிவிடும். வாசகர் மேடு எது, பள்ளம் எது என்று கவனிக்கத் தொடங்குவார்.

எடை கூடினாலும் பறக்கத்தான் வேண்டும் என்றால் முன்மாதிரி உண்டு. வட அமெரிக்காவில் வாழ்ந்த குவெட்சால்கோட்லஸ் என்ற பறக்கும் ஊர்வனத்துக்கு 10 மீட்டருக்கு மேல் சிறகுவிரிவும் 200 கிலோவுக்கு மேல் எடையும் மதிப்பிடுகிறார்கள். அதைத் தாண்டினால் காற்றை நம்ப முடியாது. வேறொரு விளக்கம் வேண்டும். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1931 ஆகஸ்ட் 'வியர்ட் டேல்ஸ்' பல்ப் இதழில் வந்த 'தி விஸ்பரர் இன் டார்க்னஸ்' கதையில் அதைத்தான் செய்தார். அதில் வரும் மி-கோ என்ற வேற்றுலக ஜந்துக்களின் சிறகு விண்வெளியைக் கடப்பதற்கானது; பூமியின் காற்றில் அவை தடுமாறும். அந்தத் தடுமாற்றமே நம்பவைக்கிறது.

எலும்பு

பறவைக்கும் வௌவாலுக்கும் சிறகு என்பது கைதான். வௌவாலின் சவ்வு நீண்ட விரல்களுக்கிடையே விரிகிறது. ஜந்துவுக்குக் கையும் வேண்டும், முதுகில் சிறகும் வேண்டும் என்றால் அது ஆறு உறுப்புப் பிராணி. இரண்டு ஜோடித் தோள் வேண்டும். சிறகைக் கீழே அடிக்கும் தசை மார்பில் இருக்கிறது, முதுகில் அல்ல. அதனால் மெலிந்த மனித உடலில் பெருஞ்சிறகு வைத்தால் கண் ஏற்காது. மார்பைப் படகின் அடிக்கட்டைபோல் முன்னே தள்ளி வையுங்கள், காலைச் சூம்ப வையுங்கள். நடக்கும்போது அசிங்கமாகவும் பறக்கும்போது அழகாகவும் இருக்கும் ஜந்து, இரண்டிலும் கம்பீரமான ஜந்துவைவிட அருவருப்பானது.

சிறகின் வகை ஓசையைத் தீர்மானிக்கும். சவ்வு ஈரத்துணியைப்போல் படபடக்கும். பூச்சிச் சிறகு ரீங்கரிக்கும். இறகு சலசலக்கும், ஆந்தையைத் தவிர. அதன் முன்விளிம்பு இறகில் உள்ள சீப்புப் பற்கள் காற்றின் இரைச்சலை அடக்கிவிடும். ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை மாற்றாதீர்கள்.

காட்டும் வரிசை

இங்கேதான் அதிகம் உழைக்க வேண்டும். 5,000 சொல் கதை என்றால் முதல் தடயம் முதல் 500 சொல்லுக்குள் வரட்டும். முழு உருவம் 3,500 சொல்லுக்கு முன் வேண்டாம். இடைப்பட்ட தூரத்தைத் தடயங்களால் நிரப்புங்கள், ஆனால் ஒவ்வொரு தடயமும் முந்தையதைவிட அருகில் வரவேண்டும். முதலில் சேதம்: கூரையின் மேல்பக்கம் மட்டும் கிழிந்திருக்கிறது, கதவு தாழிட்டபடியே இருக்கிறது. பிறகு காற்று: விளக்குச் சுடர் மேலிருந்து அமுக்கியதுபோல் சாய்கிறது. பிறகு வாசனை, ஓசை. கடைசியில் நிழல். வரிசையைத் தலைகீழாக்கினால், அதாவது முதல் பக்கத்திலேயே நிழலைக் காட்டிவிட்டால், மற்ற தடயங்கள் எல்லாம் வெறும் செய்தியாகிவிடும்.

இன்னொரு பல்ப் எழுத்தாளரான ராபர்ட் இ. ஹோவர்டின் 'குயின் ஆஃப் த பிளாக் கோஸ்ட்' (1934 மே, 'வியர்ட் டேல்ஸ்') கதையில் சிறகுள்ள குரங்குருவம் எடுத்த எடுப்பில் யாரையும் கிழிப்பதில்லை. கப்பலில் இருந்த தண்ணீர்ப் பீப்பாய்களை உடைத்துவிட்டுப் பறக்கிறது. தண்ணீருக்காக ஆட்கள் காட்டுக்குள் போயாக வேண்டும். ஜந்துவுக்குப் புத்தி இருக்கிறது என்பதை ஒரு வாக்கியத்தில்கூட அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் ஜந்துவின் முதல் செயல் கொலையாக இல்லாமல் இப்படி ஒரு முடக்கமாக இருக்கட்டும்: படகைக் கவிழ்ப்பது, குதிரையை விரட்டுவது, மணிக்கயிற்றை அறுப்பது.

முழு உருவம் வரும்போது 120 சொல்லைத் தாண்டாதீர்கள். கைவசம் மூன்று உத்திகள் உண்டு. ஒன்று அளவை. 1936-ல் 'அஸ்டவுண்டிங்' இதழில் தொடராக வந்த லவ்கிராஃப்டின் 'அட் த மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்' நாவலில், அண்டார்டிகாவிலிருந்து ஒரு விஞ்ஞானி கம்பியில்லாத் தந்தியில் அளவுகளை வரிசையாக அனுப்புகிறார்: 6 அடிப் பீப்பாய் உடல், 7 அடிச் சவ்வுச் சிறகு. வியப்புக்குறி கிடையாது. வறட்சிதான் நடுக்கம் தருகிறது. இரண்டாவது மறுத்துச் சொல்வது. அவருடைய 'த ஃபெஸ்டிவல்' கதையில் வரும் சிறகுப் பிராணிகள் காக்கையும் அல்ல, கழுகும் அல்ல, எறும்பும் அல்ல, அழுகிய மனிதரும் அல்ல என்று பட்டியல் ஓடும். ஒவ்வொரு மறுப்பும் ஒரு துண்டை வாசகர் மனத்தில் விட்டுவிட்டே போகிறது. இதைக் கதைக்கு ஒருமுறைதான் செய்யலாம். இரண்டாம் முறை சிரிப்பு வரும். மூன்றாவது இல்லாமையைக் காட்டுவது: வானத்தில் நட்சத்திரங்கள் வரிசையாக அணைந்து மீண்டும் எரிகின்றன. எத்தனை அணைந்தன என்று எண்ணினால் அளவு தெரியும்.

லவ்கிராஃப்ட் சிறுவயதுக் கனவிலிருந்து எடுத்த நைட்-காண்ட்கள் மூன்றுக்கும் வெளியே நிற்பவை. முகமே கிடையாது, சத்தமும் கிடையாது. பிடித்தவனைக் கடிப்பதுமில்லை, கிச்சுகிச்சு மூட்டும். காகிதத்தில் அசட்டுத்தனமாகத் தெரியும் இந்த விவரம் இருட்டில், பாதாளத்துக்கு மேலே தொங்கும்போது தாங்க முடியாததாகிறது. எதிர்பார்த்த வன்முறையை எடுத்துவிட்டுப் பொருந்தாத ஒன்றை அங்கே வையுங்கள்.

கொல்வது

அம்பு சவ்வைத் துளைத்தது, ஜந்து விழுந்தது என்று எழுதுவது வழக்கமான பிழை. வௌவால்கள் ஓட்டை விழுந்த சிறகோடும் பறக்கும். சிறு கிழிசல்கள் சில வாரங்களில் ஆறியும் விடும். விரல் எலும்பு முறிந்தால்தான் விழும். ஆகவே நாயகன் குறிவைக்க வேண்டியது விரிந்த சவ்வையல்ல, அதன் கம்பிகளை. இதை அவன் முதல் முயற்சியில் தவறாகச் செய்யட்டும்.

சிறகு பயன்படாத இடத்துக்கு அதை இழுப்பது இன்னொரு வழி. 1932 ஜூலையில் வந்த ஹோவர்டின் 'விங்ஸ் இன் த நைட்' கதையில் நாயகன் சாலமன் கேன் இறைச்சி வைத்து ஜந்துக்களைப் பெரிய குடிசைக்குள் வரவழைத்துத் தீ வைக்கிறான். கூரை இங்கே கட்சி மாறுகிறது, மனிதனுக்குப் பாதுகாப்பு என்பது போய் ஜந்துவுக்குச் சிறையாகிறது. தந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கதையின் ஆப்பிரிக்கக் கிராமத்தை எடுக்க வேண்டாம். அங்கே ஊரார் இருப்பதே வெள்ளை நாயகனுக்கு வெறி ஏற்றச் செத்து விழுவதற்காக. அந்தக் காலத்து இதழ்களில் இந்தக் கறை நிறைய. பலியாகிறவருக்குப் பெயரும் வேலையும் ஒரு பிடிவாதமும் கொடுத்தாலே ஜந்துவின் பாரம் கூடும்.

சொல்லும் பெயரும்

தமிழில் எழுதும்போது தனியாக ஒரு சிக்கல். 'சிறகு' மென்மையான சொல். கேட்டதும் இறகு நினைவுக்கு வரும். 'இறக்கை' அன்றாடச் சொல், கோழிக்கும் விமானத்துக்கும் பொது. சவ்வுச் சிறகைச் சொல்ல 'தோல்', 'சவ்வு', 'மடிப்பு' ஆகியவற்றை நேராகவே பயன்படுத்துங்கள். 'பயங்கரமான', 'கோரமான', 'அமானுஷ்யமான' ஆகிய மூன்றையும் கையெழுத்துப் பிரதியில் தேடி அடித்துவிடுங்கள். எந்த வாக்கியமும் இதனால் நொண்டாது.

பெயருக்குப் பழைய இலக்கணமே கைகொடுக்கும். ழ, ள, ற, ன, ண ஆகிய எழுத்துகள் தமிழில் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ட, ர, ல ஆகியவற்றுக்கும் அதே விதிதான், ஆனால் டப்பாவும் ரயிலும் லாரியும் வந்து அவற்றைப் பழக்கிவிட்டன. ழகாரத்தில் தொடங்கும் பெயர், 'ழாவுணம்' என்பதுபோல, இன்றும் வாயில் இடறும். உச்சரிக்கலாம், ஆனால் நாக்கு தயங்கும். அந்தத் தயக்கம் போதும். பெயரைக் கதையில் மூன்று முறைக்கு மேல் சொல்லாதீர்கள், அதுவும் பாத்திரங்களின் வாயில் மட்டும்; கதைசொல்லிக்கு அது எப்போதும் 'அது'தான்.