பழைய மடக்குக் கத்தி சேர்க்க ஆரம்பிக்கிறீர்களா?

பழைய மடக்குக் கத்தி கைக்கு வந்ததும் எல்லாரும் கைப்பிடியைத்தான் பார்ப்பார்கள், மான்கொம்பா எலும்பா என்று. நீங்கள் பிளேடைத் திறந்து அதன் அடியைப் பாருங்கள். அச்சாணியை ஒட்டினாற்போல கூர் இல்லாத சின்ன இடம் இருக்கும், செய்தவரின் முத்திரை அங்கேதான் குத்தியிருக்கும், பல கத்திகளில் வயதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் கேஸ் (Case) என்ற கம்பெனியின் கத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1965-ல் முத்திரையோடு 'யு.எஸ்.ஏ.' சேர்ந்தது. 1970-ல் அதன் கீழே பத்துப் புள்ளி வைத்து, வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், ஆக எழுபதுகளின் கத்தியில் ஆறு புள்ளி இருந்தால் 1974. லென்ஸ் வைத்து எண்ணுங்கள், தேய்ந்த புள்ளி கண்ணுக்குத் தப்பிவிடும். 'ஜெர்மனி', 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயரும் இருந்தால் அநேகமாக 1891-க்குப் பிந்தியது, ஏனென்றால் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்டது.

கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருக்க, முத்திரை மட்டும் நேற்றுக் குத்தியதுபோல இருந்தால் வாங்காதீர்கள்.

அப்புறம் பிளேடு. அடியில் அகலமாக இருந்து சட்டென்று ஒல்லியானால் சாணை பிடித்துப் பிடித்தே தேய்ந்தது என்று அர்த்தம். பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று விழ வேண்டும், தொளதொளவென்று போனால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

சரி, வாங்கியாயிற்று. தயவுசெய்து தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள்! இரும்பில் படிந்த சாம்பல் நிறம் அழுக்கு அல்ல, காலம் போட்ட பூச்சு, அதை அப்படியே விடுங்கள். சிவப்பாகப் பொடி உதிர்கிற துருதான் எதிரி. அதன்மேல் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி, மெல்லிய துணியால் துடைத்தால் போதும். சுழலும் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தீர்கள் என்றால் தொழிற்சாலையில் விழுந்த மெல்லிய அரைப்புக் கோடுகளும் முத்திரையின் விளிம்பும் போய்விடும், பிறகு யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

பத்திரப்படுத்துவதில்தான் நான் பெரிய நஷ்டம் பட்டேன். ஆமை ஓடு மாதிரி மினுங்கும் செல்லுலாய்டு (அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்) கைப்பிடிக் கத்தி ஒன்றை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் மூடி வைத்திருந்தேன். சில மாதம் கழித்துத் திறந்தால் ஒருவிதப் புளிப்பு நெடி, பக்கத்திலிருந்த மூன்று கத்திகளின் பிளேடும் துருப்பிடித்துக் கிடந்தன. செல்லுலாய்டு பழசாகிச் சிதையும்போது வெளிவரும் அமில ஆவி இரும்பை அரித்துவிடும். அதனால் அந்த வகையைத் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். தோல் உறையிலும் நெடுநாள் போட்டு வைக்க வேண்டாம், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் திறந்து பாருங்கள், செல்லுலாய்டில் விரிசலோ பிசுபிசுப்போ தெரிந்தால் அன்றைக்கே அந்தக் கத்தியை மற்ற எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வைத்துவிடுங்கள்.