மெட்ராஸ் ஐ வந்தால் யாரிடம் போவது? ஒன்டாரியோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கனடாவில் டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவுக்கு நாங்கள் வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஓஹிப் என்கிற மாகாண மருத்துவக் காப்பீட்டின் அட்டையான ஹெல்த் கார்டு அப்போதுதான் தபாலில் வந்திருந்தது. ஒரு சனிக்கிழமை காலை பையன் எழுந்தபோது வலது கண் பீளையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மெட்ராஸ் ஐ. மதுரையாக இருந்தால் தெருமுனை மெடிக்கலில் "அண்ணே, கண்ணுக்கு ஊத்துறது ஒன்னு குடுங்க" என்று வாங்கிவந்து, அவன் பல் தேய்ப்பதற்குள் இரண்டு சொட்டு விட்டிருப்பேன். அதே நினைப்பில் பக்கத்து பிளாசாவில் இருந்த பார்மசிக்குப் போய், ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தைப் பெயர் சொல்லிக் கேட்டேன். சீட்டு இல்லாமல் தர முடியாது என்றார் கவுன்டரில் இருந்த பெண். சரி, எந்த கிளினிக்கில் போய் வரிசையில் நிற்பது என்று யோசித்தபடி திரும்பினேன். "இருங்கள், யாருக்கு? என்ன செய்கிறது?" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

பையனை அழைத்துவரச் சொன்னார். கவுன்டருக்குப் பக்கத்திலேயே இரண்டு நாற்காலி போட்ட ஒரு சின்ன அறை. ஒரு கண்ணா, இரண்டுமா? பகலில் வடிவது தண்ணீர் மாதிரியா, கெட்டியாகவா? வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுகிறதா? வலிக்கிறதா, உறுத்துகிறதா? வீட்டில் யாருக்காவது சளி இருந்ததா? கேட்டதையெல்லாம் கணினியில் தட்டிக்கொண்டே வந்தார். பையனுக்கு மூன்று நாளாகச் சளி. காலையில் ஒட்டினாலும் பகல் முழுக்கத் தண்ணீர்தான். "வைரஸ் மாதிரி இருக்கிறது, ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது" என்று சொல்லிவிட்டார். குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம், தனித் துண்டு, அடிக்கடி கை கழுவுதல், உறுத்தலுக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. பார்வை மங்கினாலோ வலி வந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்றார். இதற்கெல்லாம் காசு வாங்கவில்லை. அந்தக் கண்ணீர்ச் சொட்டுக்கு மட்டும்தான் கொடுத்தேன். மருந்து வாங்கப் போய் அறிவுரை வாங்கி வந்த எரிச்சல் எனக்கு இருந்தது உண்மை. மூன்றாம் நாள் அவரே போன் செய்து கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அதற்குள் சரியாகியிருந்தது.

இந்தப் பெண் ஏதோ தன் நல்ல மனதால் பார்த்தார் என்றுதான் அன்று நினைத்தேன். சட்டமே இப்போது அப்படித்தான் என்று பிறகுதான் தெரிந்தது. 2023 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் பார்மசிஸ்ட்டுகள் சில சாதாரண உபாதைகளுக்குத் தாங்களே விசாரித்து, தேவைப்பட்டால் மருந்துச் சீட்டும் எழுதலாம். 1991-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் கீழுள்ள விதிமுறையைத் திருத்தி மாகாண அரசு இதைக் கொண்டுவந்தது. முதலில் 13 உபாதைகள். அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி இன்னும் 6 சேர்ந்து 19 ஆனது. கனடாவில் ஒன்டாரியோ இதில் முன்னோடி ஒன்றும் இல்லை. ஆல்பர்ட்டாவில் 2007-லேயே பார்மசிஸ்ட்டுகளுக்கு மருந்து எழுதும் உரிமை வந்துவிட்டது. ஆனால் ஒன்டாரியோவில் குடும்ப டாக்டர் கிடைக்காமல் இருப்பவர்கள் மட்டும் பல லட்சம். புதிதாக வருகிற நீங்களும் கொஞ்ச காலம் அந்தக் கணக்கில்தான் இருப்பீர்கள். அதனால்தான் இந்தக் கவுன்டரை முதல் வாரத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அந்தப் பட்டியலில் நம் வீடுகளில் அடிக்கடி வருபவை நிறைய. மெட்ராஸ் ஐ, நெஞ்செரிச்சல், மூலம், வாய்ப்புண், சுளுக்கு, பூச்சிக்கடி, உடம்பெல்லாம் தடிக்கும் காணாக்கடி, தோல் அரிப்பு, முகப்பரு, மாதவிலக்கு வலி, கர்ப்பகால வாந்தி, குழந்தைக்கு டயப்பர் கட்டும் இடத்தில் வரும் சிவப்பு, கீரிப்பூச்சி. வசந்த காலத்தில் மகரந்தம் பறக்க ஆரம்பித்ததும் வரும் தும்மலும் மூக்கு ஒழுகலும் இதில் உண்டு. ஊரில் இருந்தவரை எனக்கு அலர்ஜியே கிடையாது என்று சொல்பவர்கள் இங்கே இரண்டாவது மே மாதத்தில் பெட்டி பெட்டியாக டிஷ்யூ வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்கு இதில் பெரிய உதவி நீர்க்கடுப்புதான். வெள்ளிக்கிழமை ராத்திரி எரிச்சல் ஆரம்பித்தால் திங்கட்கிழமைவரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பார்மசிஸ்ட்டே ஆன்டிபயாட்டிக் எழுதலாம். ஆனால் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி ஏதாவது சேர்ந்திருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ அவர் எழுத மாட்டார், டாக்டரிடம் அனுப்புவார். ஆண்களுக்கு நீர்க்கடுப்பு வந்தாலும் அப்படித்தான். இதையெல்லாம் கவுன்டரில் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டாம். "தனியாகப் பேச வேண்டும்" என்றால் போதும், அந்தச் சின்ன அறைக்கு அழைத்துப்போவார்கள். ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் தமிழ் பேசும் பார்மசிஸ்ட்டுகள் இருக்கிறார்கள். உடம்பு சங்கதியை ஆங்கிலத்தில் தேடித் தேடிச் சொல்வதைவிட, ஒரு பஸ் கூடுதலாக ஏறி அவர்களிடம் போவது மேல் என்று என் மனைவி சொல்வாள்.

உண்ணிக்கடியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் நாம் அதை மாட்டுக்கும் நாய்க்கும் உரிய சமாசாரமாக விட்டுவிடுவோம். இங்கே கருங்கால் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். ஸ்கார்பரோவின் கிழக்கே ரூஜ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு போய் உட்காருகிறோமே, அந்த இடமே இதற்குப் பெயர்போனது. வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் நெருப்பு வைப்பது, எண்ணெய் ஊற்றுவது எதுவும் வேண்டாம். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி, பார்மசிக்குக் கொண்டுபோங்கள். உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்து, எடுத்து 72 மணி நேரத்துக்குள் போனால், ஒரே ஒரு வேளை டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் தருவதா என்று அவர் முடிவு செய்வார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இனி காசு விஷயம். ஹெல்த் கார்டு இருந்தால் விசாரணைக்குக் கட்டணம் இல்லை. நேரில் பார்த்தால் 19 டாலர், போனில் பார்த்தால் 15 டாலர் என்று அரசு கடைக்குக் கொடுத்துவிடுகிறது, மருந்து எழுதினாலும் எழுதாவிட்டாலும். மருந்து விற்கத்தான் இதெல்லாம் என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. எழுதாவிட்டாலும் அதே காசுதான் என்று தெரிந்தபோதுதான் அன்றைய சொட்டு மருந்து எரிச்சல் தணிந்தது. ஆனால் மருந்தின் விலை உங்களுடையது. வேலையிடத்து இன்சூரன்ஸ் இருந்தால் அதன் அட்டையைக் காட்டுங்கள். 24 வயதுவரை உள்ளவர்களுக்குத் தனியார் இன்சூரன்ஸ் இல்லையென்றால் ஓஹிப் பிளஸ் திட்டத்தில் ஏராளமான மருந்துகள் இலவசம். 65 வயதானவர்களுக்கு மாகாணத்தின் மருந்துத் திட்டம் உண்டு. இது எதிலும் சேராமல், வருமானத்தில் பெரும் பங்கு மருந்துக்கே போகிற குடும்பங்களுக்கு டிரில்லியம் என்று ஒரு திட்டம் இருக்கிறது, விண்ணப்பிக்க வேண்டும்.

பில்லில் மருந்து விலையோடு, மருந்தை எடுத்துத் தருவதற்கான கூலியாக டிஸ்பென்ஸிங் ஃபீ என்று ஒரு தொகை சேரும். இது கடைக்குக் கடை வேறுபடும். எவ்வளவு என்று கடையில் எழுதி மாட்டியிருக்க வேண்டும், பாருங்கள். எழுதிய சீட்டை அதே கடையில்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. விருப்பமான கடைக்கு எடுத்துப்போகலாம் என்பதை அவரே உங்களிடம் சொல்ல வேண்டும் என்பது விதி.

ஹெல்த் கார்டு இல்லாதவர்கள் கவனிக்க: பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் ஓஹிப் கிடையாது. அவர்களையும் பார்மசிஸ்ட் பார்க்கலாம், ஆனால் கடை கட்டணம் கேட்கலாம். உட்காருவதற்கு முன்பே எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதுரை டாக்டர் எழுதிய சீட்டுக்கு இங்கே மருந்து தர மாட்டார்கள். சொந்த உபயோகத்துக்கான மருந்தைக் கையில் கொண்டுவரலாம், அதிகபட்சம் 90 நாளுக்கு. அட்டைப்பெட்டியோடு, கடை ஒட்டிய விவரத்தோடு வைத்திருங்கள். அதற்குள் ஒரு டாக்டரைப் பார்த்து இங்கத்திய சீட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிராண்டு பெயரை நம்பி வராதீர்கள். டோலோ என்றாலோ, ஈழத்து நண்பர்கள் சொல்வதுபோல் பனடோல் என்றாலோ, இங்கே அலமாரியில் டைலனால் என்று இருக்கும். மூலப்பெயர்கூடச் சில சமயம் மாறும்: பாராசிட்டமாலுக்கு இங்கே அசிட்டமினோஃபென், சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடுக்கு கிளைபூரைடு. மூலப்பெயரையும் மில்லிகிராமையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், அல்லது மாத்திரை அட்டையைப் போனில் படம் எடுத்துவையுங்கள்.

இங்கே ஒரு டாக்டர் சீட்டு எழுதிவிட்டார் என்றால் அப்புறம் கொஞ்சம் நிம்மதி. பிரஷர், சர்க்கரை மாத்திரை தீரும்போது டாக்டரிடம் தேதி கிடைக்கவில்லையென்றால் பார்மசிஸ்ட்டே அந்தச் சீட்டைப் புதுப்பித்துத் தரலாம். இந்த அதிகாரம் 2012-லேயே வந்துவிட்டது. தூக்க மாத்திரை, கடுமையான வலி நிவாரணி போன்றவற்றுக்குத் தனி விதிகள் உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கினால் உங்கள் மருந்துகள் எல்லாம் ஒரே திரையில் அவர் கண்ணில் படும். ஒன்றோடொன்று மோதும் மாத்திரைகளை அங்கேயே பிடித்துவிடுவார். ஊர் சித்த மருந்து, கஷாயம் எடுத்துக்கொண்டால் அதையும் சொல்லுங்கள். மாமியார் கொடுத்த சூரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்களை எனக்குத் தெரியும்.

எல்லா பார்மசிஸ்ட்டும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. கூட்ட நேரத்தில் முடியாது என்பார்கள். நான் போன ஒரு கடையில் மூன்று மணி நேரம் கழித்து வரச் சொல்லி, போனபோது அந்த ஆள் வீட்டுக்குப் போயிருந்தார். அதனால் போன் செய்துவிட்டுப் போங்கள். இந்தச் சாதாரண உபாதைகளுக்கு இங்கே பெயர் மைனர் எய்ல்மென்ட். கேட்க வேண்டியது ஒரே வரி: "மைனர் எய்ல்மென்ட் பார்ப்பீர்களா, இப்போது யாராவது இருக்கிறார்களா?"

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகமோ கையோ ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது என்றால் பார்மசி வாசலை மிதிக்கவே வேண்டாம், நேராக அவசர எண் 911-ஐ அழையுங்கள். எங்கே போவது என்றே புரியாத நடுராத்திரியில் மருத்துவ ஆலோசனை எண் 811. எந்த நேரமும் ஒரு நர்ஸ் எடுப்பார். ஆங்கிலம் தடுமாறினால் "டமில்" என்று சொல்லிக் காத்திருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள்.