செபீடு தொலைவுகளை அளவீடு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செபீடு என்பது சீராகப் பொலிவு கூடிக் குறையும் விண்மீன்; அந்த அலைவுக் காலம் உண்மைப் பொலிவைச் சொல்வதால் தொலைவு அளக்க உதவுகிறது. அதன் பொலிவெண்ணில் (பொலிவை அளக்கும் எண்) 0.1 தவறினால் தொலைவில் ஏறக்குறைய 5% போச்சு. பேரண்டம் விரியும் வீதமான ஹபிள் மாறிலியும் அதே அளவுக்கு நகரும். செபீடுகளையும் சூப்பர்நோவாக்களையும் வைத்து 2022-இல் வந்த மதிப்பு மெகாபார்செக்குக்கு நொடிக்கு 73.04 கி.மீ., பேரண்டப் பின்னணிக் கதிர்வீச்சை அளந்த பிளாங்க் விண்கலத்தின் தரவு தருவது 67.4. இவை ஒத்துப்போகாத சர்ச்சை முழுவதும் வெறும் 0.17 பொலிவெண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. அலகுக் குழப்பம் போன்றவை தாமே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே சொல்பவை வரைபடத்தில் அழகாகவே இருக்கும், விடை மட்டும் தப்பாக வரும்.

இடமாறு கோணத்தைத் தலைகீழாக்குவது

கயா விண்கலத்தின் தரவை இறக்கியதும் 1-ஐ இடமாறு கோணத்தால் (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் நகர்வதுபோல் தெரியும் கோணம்) வகுத்துத் தொலைவு எடுத்துவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது நிற்பதில்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அருகிலிருந்து தொலைவுக்குப் படிப்படியாக அளக்கும் தொலைவு ஏணியின் முதல் படியே இதுதான்.

3,000 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) தொலைவிலுள்ள செபீடின் கோணம் 333 மைக்ரோ ஆர்க்செகண்ட். மிகத் தொலைவில் இருப்பதால் கோணம் சுழியாகவே இருக்க வேண்டிய குவேசார்களை வைத்துப் பார்த்தால் கயாவின் மூன்றாம் வெளியீடு கோணங்களைச் சராசரியாக 17 மைக்ரோ ஆர்க்செகண்ட் குறைத்துக் காட்டுகிறது. திருத்தாமல் விட்டால் 316; தொலைவு 5% கூடும், 73 வரவேண்டிய இடத்தில் 69-ஐ ஒட்டி வரும். திருத்தம் எதிர்க்குறியில் (−17) இருப்பதால் அதைக் கழிக்க வேண்டும். கூட்டினால் பிழை இரட்டிப்பாகும். எல்லா விண்மீனுக்கும் ஒரே 17-ஐப் போடவும் கூடாது. பொலிவு, நிறம், வானில் உள்ள இடம் மூன்றையும் பொறுத்து அது மாறும்.

அடுத்தது இன்னும் மோசம்: கோணம் அதன் பிழையைப் போல் 10 மடங்குக்கு மேல் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்வது. எல்லையோரத்தில், இரைச்சல் மேலே தள்ளிய விண்மீன்கள் உள்ளே வரும், கீழே தள்ளியவை வெளியே போகும். மிஞ்சும் தொகுப்பே ஒருபக்கம் சாய்ந்துவிடும். வடிகட்டத்தான் வேண்டும் என்றால் ஆர்.யு.டபிள்யு.இ. (கயா தன் அளவீட்டுக்குத் தரும் பொருத்தத் தர எண்) மதிப்பு 1.4-க்குக் கீழ் உள்ளவற்றை எடுங்கள்.

சரியான வழி எதிர்த்திசையில் போவது. அலைவுக் காலத்திலிருந்து தனிப்பொலிவெண் (உண்மைப் பொலிவு), அதை நமக்குத் தெரியும் பொலிவெண்ணிலிருந்து கழித்துத் தொலைவெண், அதிலிருந்து எதிர்பார்க்கும் கோணம்: தொலைவெண்ணில் 10-ஐக் கழித்து, −0.2-ஆல் பெருக்கி, 10-இன் அடுக்காக்கினால் மில்லி ஆர்க்செகண்டில் கிடைக்கும். அதைக் கயாவின் கோணத்தோடு ஒப்பிடுங்கள். தனிப்பொலிவெண்ணையும் எஞ்சிய விலகலையும் ஒரே பொருத்தத்தில் விடுவியுங்கள். அருகிலுள்ளவை முன்னதையும் தொலைவிலுள்ளவை பின்னதையும் இறுக்கிப் பிடிக்கும். ஆகவே இரண்டும் தேவை.

இரண்டு கருவிகளின் ஒளியளவை ஒட்டுப்போடுவது

அருகிலுள்ள விண்மீன் திரளான பெரிய மெகல்லன் மேகத்துக்குத் தரைத் தொலைநோக்கி, தொலைவு விண்மீன் திரள்களுக்கு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி என்று கலந்தால், வடிகட்டிகளின் சுழிப்புள்ளி (அளவுகோல் தொடங்கும் இடம்) வேறுபாடு அப்படியே விடையில் ஏறும். 2019-இல் அந்த மேகத்தின் 70 செபீடுகளை ஹபிளாலேயே மறுபடி அளந்தது இதற்காகத்தான்.

நெரிசலை மறப்பது

தொலைவுத் திரளில் செபீடின் பிக்சலுக்குள் செம்பெருமீன்களின் ஒளியும் விழும். வானப் பின்னணியைக் கழித்தால் மட்டும் போதாது. அதே படத்தில் பொலிவு தெரிந்த செயற்கை விண்மீன்களைச் செபீடின் அருகே பதித்து, திரும்ப அளந்து, எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள்.

செபீடு வகைகளைக் கலப்பது

வானியலாளர் எட்வின் ஹபிள் 1929-இல் விரிவு வீதத்துக்குப் பெற்ற மதிப்பு சுமார் 500. பாலோமாரின் 200 அங்குலத் தொலைநோக்கிக்கு ஆண்ட்ரோமெடாவில் தெரிந்திருக்க வேண்டிய ஆர்.ஆர். லைரா விண்மீன்கள் (உண்மைப் பொலிவு தெரிந்த இன்னொரு மாறும் விண்மீன் வகை) தெரியவில்லை; அதாவது ஆண்ட்ரோமெடா நினைத்ததைவிடத் தொலைவில் இருந்தது. செபீடில் பொலிவு வேறான இரண்டு வகை உண்டு என்று 1952-இல் வானியலாளர் வால்டர் பாடே அறிவித்தபோது தொலைவுகள் ஏறக்குறைய இரட்டித்தன.

மிக அருகிலுள்ள சூப்பர்நோவாவில் விரிவு வேகம் எடுப்பது

செந்நகர்ச்சி (விரிவால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) 0.023-க்குக் கீழே வேண்டாம். 0.01-இல் திரளின் சொந்த வேகமே விடையில் 10% வரை கலந்துவிடும்.