சொந்த மெட்டைக் கிளாரினெட்டுக்கு மாற்றி எழுதும் முறை

ஆர்மோனியத்துக்கென நீங்களே அமைத்த மெட்டு ஒன்று கைவசம் இருந்தால், கிளாரினெட்டுக்கு எழுதத் தொடங்க அதுவே போதும். கார்ல் மரியா ஃபான் வேபர் தமது ‘சில்வானா’ ஓபராவின் மெட்டை எடுத்து, 1811-இல் கிளாரினெட்டுக்கும் பியானோவுக்குமான ஏழு மாறுபாடுகளாக எழுதினார். மோசார்ட், கிளாரினெட் குடும்பத்தைச் சேர்ந்த பாசெட் ஹார்னுக்காக ஜி சுருதியில் எழுதத் தொடங்கியிருந்த இசையை ஏ சுருதிக்கு மாற்றி, 1791-இல் தமது கிளாரினெட் கான்செர்ட்டோவின் முதற்பகுதியாக்கினார். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்துப் பேண்டு வாத்தியக் குழுக்களுக்கு எழுத விரும்பும் புதியவர்களும் இந்த வழியையே பின்பற்றலாம்.

முதலில், கீழ் சட்ஜத்துக்கும் மேல் சட்ஜத்துக்கும் இடையிலேயே அடங்கும் மெட்டாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு கட்டையில், அதாவது சட்ஜம் சி-யில் அமைந்த மோகன ராக மெட்டு என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவதாக, எழுதும் சுரத்தைச் சரிசெய்யுங்கள். பரவலாகப் புழங்கும் பி ஃபிளாட் கிளாரினெட், எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் தாழ்வாக ஒலிக்கும். ஆகவே சி-யில் ஒலிக்க வேண்டிய சட்ஜத்தை டி என்று எழுத வேண்டும்.

மூன்றாவது படியில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அப்படி எழுதும்போது பஞ்சமம் ஏ-யிலும் தைவதம் பி-யிலும் விழும். அந்த ஏ-க்கு ஒரே ஒரு சாவியை அழுத்தினால் போதும். அடுத்துள்ள பி-க்கோ துளைகள் அனைத்தையும் மூடி, மேல் சுரங்களுக்கு மாற்றும் ரெஜிஸ்டர் சாவியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மோகனத்தில் ‘ப த ப’ என்ற பிடி அடிக்கடி வரும் என்பதால், புதிதாக வாசிப்பவரின் விரல்கள் ஒவ்வொரு முறையும் அங்கே தடுமாறும். மெட்டில் கைவைக்காமல் சுருதியை மாற்றுவதே சிறந்த தீர்வு என்பது என் கருத்து. ஆறரைக் கட்டைக்கு (பி ஃபிளாட்) கொண்டுசென்றால், எழுதும் சட்ஜம் சி ஆகி, மெட்டு முழுவதும் ஏ-க்கும் பி-க்கும் இடையிலான அந்தத் தடைக்கு மேலேயே, ஊர்வலத்திலும் எடுபடும் கணீரென்ற ஒலியில் அமையும். இரண்டு கட்டைக்கு (டி) மாற்றிக் கீழ் ஸ்தாயியில் எழுதினால், வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரமான இ-யிலிருந்து தொடங்கி, அடர்ந்த, கனிவான ஒலி கிடைக்கும். மண்டபத்துக்குள் வாசிக்க இதுவே மிகப் பொருத்தம்.

நான்காவதாக, ஆர்மோனியத்தில் சேர்த்து அழுத்திய சுரங்களை ‘ச க ப’ என ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து எழுதி, மூச்சு வாங்கும் இடங்களைக் காற்புள்ளியால் குறியுங்கள். துருத்திக்கு ஓய்வு தேவையில்லை, வாசிப்பவருக்குத் தேவை.

இறுதியாக, எழுதியதை வாசிப்பவரிடம் கொடுத்து, ஆர்மோனியத்துடன் சேர்த்துக் கேளுங்கள். குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழா நடக்கும் மே மாத வெயிலில் காற்று சூடேறக் கிளாரினெட்டின் சுருதி உயரும், ஆர்மோனியம் அவ்வாறு உயராது. எனவே ஊதுமுனைக்கு அடுத்துள்ள பேரல் என்ற சிறு பகுதியைச் சற்றே வெளியே இழுத்துச் சுருதி சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.